வெறுங்கண்ணால் பார்க்கவும்

ஒரு லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதில் எதுவும் தெரியவில்லை என்று கையெழுத்துப் போடுவது எங்கள் தொழில்.

துவாக்குடியில் பதினான்கு பேர் வேலை செய்கிற ஒரு லென்ஸ் பட்டறையில் நான் தரம் பார்க்கிறேன். பெயர் வைதேகி. ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, தினம் போய்விட்டு வருகிறேன். பட்டறை காதர் பாயுடையது. நாங்கள் செய்கிற லென்ஸ்கள் நிலம் அளக்கிற கருவிகளுக்கும் ஸ்கூல் மைக்ராஸ்கோப்புகளுக்கும் போகின்றன. இது போதாதென்று, சின்னப் பட்டறைகளின் சார்பாக ஒரு தர நிர்ணயக் குழுவிலும் இருக்கிறேன். லென்ஸ் மேல் எவ்வளவு கீறல் இருக்கலாம், அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் விதி எழுதுகிற குழு அது. அபார்ட்மெண்ட் சங்கத்தில் நோட்டீஸ் ஒட்டியவர்கள், ஆபீஸில் சர்க்குலர் தயாரித்தவர்கள், பெற்றோருக்கு அறிக்கை அனுப்பிய டீச்சர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். நாம் ஒன்றை எழுதுவோம், ஜனங்கள் இன்னொன்றைப் படிப்பார்கள். அந்த அவதி உங்களுக்கும் தெரியும் என்கிற தைரியத்தில்தான் இதைச் சொல்கிறேன்.

இதில் அடிக்கடி வரப்போகிறவர் அமிர்தம் என்கிற பெண்மணி. பட்டறையின் கடைசி மேசை அவருடையது. அவர் பார்த்து 'சரி' என்றால்தான் லென்ஸ் பெட்டிக்குள் போகும். பதினெட்டு வருஷமாக அந்த மேசையில் அவர்தான். நான் எழுதிய ஒரே ஒரு சொல்லால் அது அவர் கையை விட்டுப் போகப் பார்த்தது.

கீறல் அறுபது, குழி நாற்பது

முன்பெல்லாம் எங்களுக்கு எழுதிவைத்த விதி எதுவும் கிடையாது. வாங்குகிறவர் கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டும் என்பார், பாய் இன்ஷா அல்லாஹ் என்பார், விஷயம் முடிந்தது. பெங்களூரில் கருவி செய்கிற ஒரு கம்பெனி எங்களிடம் வாங்க ஆரம்பித்த பிறகு அதெல்லாம் செல்லவில்லை. அவர்கள் அனுப்பிய வரைபடத்தின் மூலையில் 60-40 என்று போட்டிருந்தது. முதல் எண் கீறலுக்கு, இரண்டாவது எண் பொட்டுக் குழிக்கு. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரித் தகடு கொடுப்பார்கள். அதில் அறுபது என்று குறித்திருக்கிற கீறலைவிட நம் லென்ஸின் கீறல் எடுப்பாகத் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

இதைப் பாய்க்கு உட்கார்ந்து விளக்கினேன். அவர் வரைபடத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அப்புறம்தான் தெரிந்தது, ஒரு லென்ஸுக்கு அறுபது கீறலும் நாற்பது குழியும் போட்டுக்கொள்ள அனுமதி என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். எண்ணிக்கை இல்லை பாய், கீறல் கண்ணில் படுகிற அளவு என்று மறுபடியும் ஆரம்பித்தேன். நிம்மதி இறங்கிப் போய்விட்டது. வரைபடத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, "நான்கூட நம்ம துவாக்குடி ரோட்டுக்குத்தான் சொல்றாங்களோன்னு நெனச்சுட்டேம்மா" என்றார்.

கேவல நேத்ரம்

விதிகளைத் தமிழில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டினால் நன்றாக இருக்குமே என்று குழுவில் நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நல்ல யோசனை, நீங்களே எழுதுங்கள், மற்ற பட்டறைகளுக்கும் அதையே அனுப்பிவிடலாம் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். எழுத உட்கார்ந்ததில் எல்லாம் சுமாராக வந்துவிட்டது. ஒரே ஓர் இடத்தில் இடித்தது. பூதக்கண்ணாடி எதுவும் வைக்காமல் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்பதற்கு ஆங்கிலத்தில் சுருக்கமாக ஒரு சொல் இருக்கிறது. அந்த விதிக்குக் காரணம் சாதாரணமானது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் உலகத்தில் நல்ல லென்ஸே கிடையாது.

கம்ப்யூட்டரைக் கேட்டேன், 'நிர்வாணக் கண்' என்றது. அதைச் சுவரில் ஒட்டிவிட்டு நான் எந்த முகத்தோடு வேலைக்குப் போவது? என் கணவர் பாடசாலையில் ஸம்ஸ்கிருதம் சொல்லிக்கொடுக்கிறவர். அவர் பூஜையை முடித்துவிட்டு வந்து, "கேவல நேத்ரம்னு போட்டுடேன். கேவலம்னா வேற எதுவும் சேராததுன்னு அர்த்தம். லக்ஷணமா இருக்கும்" என்றார். மறுநாள் அதை அமிர்தத்திடம் சொல்லிப் பார்த்தேன். "கேவலமாப் பாக்கணுமா மேடம்?" என்று பாவமாகக் கேட்டார். கடைசியில் எனக்கே 'வெறுங்கண்' என்று தோன்றியது. 'ஆய்வாளர் வெறுங்கண்ணால் மட்டுமே பார்க்க வேண்டும்.' எழுதி முடித்ததும் எனக்கு நிலைகொள்ளவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு நாலு தடவை முணுமுணுத்துப் பார்த்தேன்.

சுவரில் ஒட்டிய அன்று அமிர்தம் அதற்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டுகிற மாதிரி நிதானமாக வாசித்தார். "வெறுங்கண்ணுன்னா, கண்ணு மேல எதுவுமே இல்லாமயா மேடம்?" என்று கேட்டார். நான் அலமாரியில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆமாம், எதுவுமே இல்லாமல்தான் என்றேன். பிறகு, "சரிங்க மேடம், எழுதியாச்சுன்னா அப்படியே செஞ்சுட வேண்டியதுதான்" என்றார்.

எந்தக் கறுப்பு?

லென்ஸைக் கறுப்புப் பின்னணிக்கு எதிராகப் பிடித்து, பக்கத்திலிருந்து வெளிச்சம் விழச்செய்து பார்க்க வேண்டும். கீறல் இருந்தால் மின்னும். இதில் கறுப்பு என்றால் எந்தக் கறுப்பு என்று குழுவில் ஒருநாள் சண்டை. எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பேசிக்கொள்கிற கூட்டம் அது. புனேக்காரர் பெயிண்ட் என்றார், ஹைதராபாத்காரர் காகிதம் என்றார், தலைவரான சென்னைக்காரர் இரண்டு பேரையும் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். ரசம் பொங்கி என் அடுப்பு அணைந்ததுதான் மிச்சம்.

மறுநாள் அமிர்தத்தின் மேசையைச் சரியாகப் பார்த்தேன். பதினெட்டு வருஷத்தில் அவருக்குப் பின்னணியாக எது இருந்தது என்று நான் கேட்டதே இல்லை. பழைய குடைத் துணி! பெயிண்ட் அடித்த பலகை பளபளக்கிறது, காகிதத்தில் கை பட்டால் தடம் விழுந்துவிடுகிறது, வெல்வெட்டில் பஞ்சு ஒட்டுகிறது, மினுக்கம் போன குடைதான் சரி என்று எல்லாவற்றையும் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். அடுத்த கூட்டத்தில் அதையே சொன்னேன். 'மினுக்கம் இல்லாத கறுப்புத் துணி' என்று டில்லிக்குப் போகிற வரைவில் ஏறிவிட்டது. அமிர்தத்திடம் சொன்னபோது முகமெல்லாம் சிரிப்பு. "என் குடை டில்லி வரைக்கும் போயிடுச்சா? நானே இங்க இருக்குற முக்கொம்பு தாண்டினதில்லையே மேடம்" என்றார்.

சிவப்புத் தட்டு

தேறாத லென்ஸ்களைப் போட எங்களிடம் ஒரு சிவப்புத் தட்டு உண்டு. விதியை ஒட்டிய பிறகு வந்த மாதங்களில் அது மெல்ல மெல்ல நிறைய ஆரம்பித்தது. இரண்டு வருஷம் போவதற்குள் தினமும் நிரம்பி வழிந்தது. பாலிஷ் போடுகிற ஆரோக்கியம் நல்ல கைக்காரர், பொறுமைசாலி. அவரே ஒருநாள் தட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார். "எம்மேல அமிர்தத்துக்கு என்ன கோவம்னு கேட்டுச் சொல்லுங்க மேடம்" என்றார். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். பாதிக்கு மேல் நல்ல லென்ஸ்.

அமிர்தத்தைக் கேட்டேன். "எனக்குத் தெளிவாத் தெரியாத லென்ஸை நல்லதுன்னு போட மாட்டேன் மேடம். கெட்டது ஒண்ணு உள்ள போயிட்டா நம்ம பேரு என்ன ஆகுறது?" என்றார். பிடிவாதம் என்று நினைத்தேன். வயசாக ஆக ஆளுக்கொரு கிறுக்கு வரும், இவருக்கு இப்படி என்று நினைத்தேன். அவர் மேசைப் பக்கம் போனால் தலைவலித் தைலம் வாசனை வரும், லென்ஸைப் பிடிக்கிற கை முன்னைவிட நீளமாக நீண்டிருக்கும். இரண்டையும் பார்த்தேன். பார்த்து என்ன பிரயோஜனம்? கண்ணுக்குத் தப்பியதைப் பிடிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிற எனக்கு இது தப்பிவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

பெங்களூர் கம்பெனியிலிருந்து எங்கள் ஆய்வு முறையைச் சோதிக்க ஆள் வருவதாகக் கடிதம் வந்தது. பாய் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் இருந்த பேனாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டே இருந்தார். "அவங்க வர்றதுக்குள்ள சரியாகலேன்னா அமிர்தத்தை பேக்கிங்ல உக்கார வச்சுட்டு வேற ஆளைப் போட்டுடுங்க. எனக்கு மட்டும் மனசா இருக்கு? நீங்க எழுதின சட்டம்தானேம்மா" என்றார்.

வெங்காயக் கடை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காந்தி மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். சாம்பார் வெங்காயக் கடைக்கு முன்னால் அமிர்தம் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பெருங்காய டப்பா. அதில் பொடியெழுத்தில் இருக்கிற தேதியை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து ஜோராக வாசித்துக்கொண்டிருந்தார். மூக்கின் மேல் சிவப்பு ஃபிரேம் போட்ட கண்ணாடி.

என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிய வேகம் இருக்கிறதே! காய்கறிப் பைக்குள் வெண்டைக்காய்க்கு அடியில் அமுக்கிவிட்டார். நடுவில் மூட்டையோடு ஒருவர் "வழி, வழி" என்று கத்திக்கொண்டு போனார். அவர் போகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அசையாமல் நின்றோம். எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். கிட்டத்தில் இருப்பது மங்க ஆரம்பித்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். சத்திரத்தில் பிளாட்பாரக் கடையில் வாங்கினாராம். வீட்டில் போடுவார். வேலைக்கு வரும்போது பட்டறை வாசலிலேயே கழற்றி டிபன் பைக்குள் வைத்துவிடுவார். ஏன் என்று கேட்டதற்கு என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்கதானே மேடம் எழுதி ஒட்டினீங்க, வெறுங்கண்ணால மட்டுமேன்னு. நான் கேட்டப்பக்கூட எதுவுமே இல்லாமன்னு சொன்னீங்களே. கண்ணாடி போடுறேன்னு தெரிஞ்சா மேசையிலேருந்து எழுப்பிடுவீங்கன்னு பயந்துட்டேன்."

லென்ஸ் செய்கிற இடத்தில் கண்ணாடியை ஒளித்துவைத்துக்கொண்டு, இரண்டு வருஷம் தலைவலியோடு ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறார். நான் பெருமையாக முணுமுணுத்த ஒரு சொல்லுக்காக. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அது சும்மா கண்ணில் நிற்கிற கண்ணீராகவும் இல்லை, மூக்கை உறிஞ்சுகிற அளவுக்கு. அமிர்தம் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். "அழுங்க மேடம், பரவால்ல. வெங்காயக் கடை முன்னாடிதானே நிக்கிறோம், யாருக்கும் தெரியாது" என்றார்.

புத்தூர் டாக்டர்

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு அமிர்தத்தைப் புத்தூரில் ஒரு கண் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். இத்தனை நாள் சிரமப்படுத்தியதில் கண்ணே கெட்டுப்போயிருக்குமோ என்று எனக்குப் பயம். அமிர்தத்துக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. டாக்டரின் மேஜைமேல் திறந்திருந்த சோதனை லென்ஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் சின்ன வயசுப் பெண். சோதிக்கிற ஃபிரேமில் இரண்டு லென்ஸ் போட்டு அமிர்தத்தின் மூக்கில் மாட்டிவிட்டு, இன்னொரு லென்ஸை எடுத்துக் கையில் கொடுத்து, கொஞ்சம் பிடியுங்கள் என்றார். அவ்வளவுதான். அமிர்தம் அதை ஓரத்தில் மட்டும் பிடித்து டியூப்லைட்டுக்குச் சாய்த்தார். பிறகு இந்தப் பக்கம் சாய்த்தார். ரொம்ப மரியாதையாக, "டாக்டர், இதுல ஓரமா ஒரு கீறல் இருக்குங்க. அறுபதுக்கு மேல வரும்" என்றார். டாக்டர் வாங்கிப் பார்த்தார். இருந்தது.

கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, நாற்பதைத் தாண்டினால் எல்லாருக்கும் வருகிற வெள்ளெழுத்துதான், சரியான கண்ணாடி போட்டால் தலைவலியும் நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு உயிர் வந்தது. ஏன் இவ்வளவு நாள் போடாமல் வேலை செய்தீர்கள் என்று கேட்டார். அமிர்தம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசில்லை. நானே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட்டு எழுதினார். "இனிமே கண்ணாடியை மாட்டிக்கிட்டு வெறுங்கண்ணால பாருங்க, சரியாப் போயிடும்" என்றார்.

இருபது லென்ஸ்

பெங்களூரிலிருந்து வந்தவர் மெலிந்த உடம்பும் கறாரான பேச்சும் கொண்ட இளைஞர். எது நல்லது, எது கெட்டது என்று அவருக்கு மட்டும் தெரிந்த இருபது லென்ஸ்களைக் கொண்டுவந்திருந்தார். அமிர்தம் விரலுறை மாட்டிக்கொண்டு, புதுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வந்தவர் உடனே நிமிர்ந்தார். விதியில் வேறு மாதிரி இருக்கிறதே, கண்ணாடி எப்படிப் போடலாம் என்றார். பெரிதாக்கிக் காட்டுகிற எதையும் வைக்கக் கூடாது என்பதுதான் அதற்கு அர்த்தம், குறைந்த பார்வையைச் சரிசெய்துகொள்ளக் கூடாது என்று இல்லை, அதை எழுதிய குழுவில் நானே இருக்கிறேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் என்னையும் கண்ணாடியையும் பார்த்தார். சரி, பார்க்கட்டும் என்றார்.

அமிர்தம் ஒவ்வொன்றாக எடுத்துச் சாய்த்துப் பார்த்து வலது பக்கமும் இடது பக்கமும் வைத்துக்கொண்டே போனார். ஆரோக்கியம் மெஷினை நிறுத்திவிட்டுத் துணியால் கை துடைக்கிற சாக்கில் நின்றார். பாய் கதவுக்கு வெளியே நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு லென்ஸ் அமிர்தத்தின் கையிலேயே தங்கிவிட்டது. முன்பு என்றால் அது நேராகச் சிவப்புத் தட்டுக்குப் போயிருக்கும். இப்போது அதை நடுவில் வைத்தார். "இது ரெண்டுக்கும் நடுவுல இருக்கு. எனக்குச் சொல்லத் தெரியல, மேடம் பாக்கட்டும்" என்றார். நான் பார்த்தேன், எனக்கும் தெரியவில்லை. வந்தவர் தன் சீட்டைச் சரிபார்த்தார். பத்தொன்பதும் சரி. அந்த ஒன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே முதல் தடவையாகச் சிரித்தார். "இந்த லென்ஸுக்கு எங்க ஆபீஸ்லயே ரெண்டு கட்சி மேடம். தெரியலன்னு சொன்ன முதல் ஆள் இவங்கதான்" என்றார்.

லாம், ணும்

அமிர்தத்தின் மேசை அமிர்தத்திடமே இருந்தது. ஆனால் என் தமிழ் எங்கள் சுவரோடு நிற்கவில்லை, மற்ற பட்டறைகளுக்கும் போயிருந்தது. அடுத்த கூட்டத்தில் நடந்ததை அப்படியே சொன்னேன். ஒவ்வொருவரும் தங்கள் பக்கத்துப் பட்டறைகளில் விசாரிப்பதாகத் தலைவர் முடிவு செய்தார். ஒரு வாரத்தில் பதில் வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் இரண்டு பேர், மேசைக்கு வருமுன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டுத்தான் உட்கார்கிறார்களாம். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வரியைத் திருத்தினேன். 'பூதக்கண்ணாடி வைக்காமல் பார்க்க வேண்டும். பார்வைக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டு பார்க்கலாம்.' இந்தத் தடவை அனுப்புவதற்கு முன்னால் அமிர்தத்தை எதிரே உட்காரவைத்து, வேறு எதையும் தேடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, வாசிக்கச் சொன்னேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். கடைசிச் சொல்லில் விரலை வைத்துக்கொண்டு யோசித்தார். விரல் வைத்த இடத்தை அவர் சொன்னபடியே மாற்றி அனுப்பினேன். 'போட்டுக்கொண்டே பார்க்க வேண்டும்' என்று மாற்றியதைக் குழுவில் எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். அது யாருடைய திருத்தம் என்று தலைவர் கேட்டார். அமிர்தம் என்னிடம் சொன்னதை ஓர் எழுத்து மாறாமல் சொன்னேன்: "'பாக்கலாம்'னு எழுதினா என்னை மாதிரி பயந்த ஆளுங்க கழட்டியேதான் வைப்பாங்க மேடம், 'பாக்கணும்'னு எழுதிடுங்க."

ஒரு விதியை எழுத ஒரு குழுவே கூடி உட்கார வேண்டியிருக்கிறது. அதைப் படிக்கிறவர்களை வதைக்க மட்டும் நான் ஒருத்தியே போதுமாக இருந்தேன்.